வராதவர்களின் வருகைப் பதிவு

காலை மணி அடித்தாயிற்று. வகுப்பில் வருகைப் பதிவேடு திறக்கிறது. பெயர்களைப் படிக்கப் படிக்க, “உள்ளேன் ஐயா”, “உள்ளேன் ஐயா” என்று குரல்கள் வரிசையாக வருகின்றன. யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒருத்தி பென்சில் சீவுகிறாள். ஒருவன் பக்கத்துப் பையனின் டிபன் பாக்ஸை மோப்பம் பிடிக்கிறான். பதினேழாவது பெயருக்குப் பதில் வரவில்லை. உடனே பென்சில் நிற்கிறது. எல்லாத் தலைகளும் ஒரே பெஞ்சின் பக்கம் திரும்புகின்றன.

காரைக்காலில் அறிவியல் ஆசிரியராக இருந்த காலமெல்லாம் இதைத் தினமும் பார்த்திருக்கிறேன். பதினாறு குரல்களால் முடியாததை ஒரு மௌனம் செய்துவிடும். குரல் வந்தால்தான் செய்தி என்று நாம் நினைக்கிறோம். அப்படியானால் வராத ஒரு குரல் எப்படி இவ்வளவு பெரிய செய்தியாகிறது?

குழந்தைகளே, இதற்கு அறிவியலில் பதில் இருக்கிறது. அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு நடந்தால், நம் ஊர்க் கடற்கரையில் தொடங்கி, சர்வாதிகாரத்தை உள்ளிருந்தே எதிர்த்து நின்றவர்கள் வரை போய்ச் சேரலாம்.

இருட்டும் பேசும்

போன கோடை விடுமுறைக்கு என் பேத்தி வந்திருந்தாள். ஏழாம் வகுப்பு. ஒரு சாயங்காலம் அரசலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு நடந்து போனோம். இருட்டியதும் கலங்கரை விளக்கம் கண் சிமிட்டத் தொடங்கியது.

“தாத்தா, அது ஏன் விட்டு விட்டு எரியுது? நிறுத்தாம எரிஞ்சா கப்பலுக்கு இன்னும் நல்லாத் தெரியுமே?”

“நீதான் கப்பல் கேப்டன்னு வச்சுக்க, கண்ணு. கரையில டீக்கடை பல்பு எரியுது. தெருவிளக்கு எரியுது. கோயில்லயும் விளக்கு எரியுது. இதுல எது கலங்கரை விளக்கம்னு எப்படிக் கண்டுபிடிப்பே?”

கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அணைஞ்சு அணைஞ்சு எரியறதுதான்.”

“நாகப்பட்டினத்துலயும் ஒண்ணு அணைஞ்சு எரியுதே?”

“அது வேற மாதிரி அணையும் தாத்தா! எவ்வளவு நேரம் இருட்டா இருக்குன்னு எண்ணிப் பாத்தா தெரிஞ்சுடும்!”

நான் சொல்லித்தர நினைத்ததை அவளே கண்டுபிடித்துவிட்டாள். எத்தனை நொடி வெளிச்சம், எத்தனை நொடி இருட்டு என்ற கணக்கு ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனித்தனி. மாலுமிகளின் கையேட்டில் அந்தக் கணக்கு எழுதியிருக்கும். வெளிச்சம் ‘இங்கே கரை இருக்கிறது’ என்று மட்டும்தான் சொல்லும். எந்தக் கரை என்று சொல்ல இருட்டும் வேண்டும்.

எண்களிலும் இப்படித்தான். 15 ரூபாய்க்கும் 105 ரூபாய்க்கும் நடுவில் இருப்பது ஒரு சுழியம். ‘இந்த இடத்தில் ஒன்றும் இல்லை’ என்று சொல்லும் குறி அது. அந்த ‘ஒன்றும் இல்லை’யை விட்டுவிட்டால் 90 ரூபாய் போச்சு!

மௌனத்தை அளக்கும் கணக்கு

1948இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கணித அறிஞர் கிளாட் ஷானன் ஒரு கட்டுரை வெளியிட்டார். தொலைபேசியும் தந்தியும் சுமந்து செல்லும் செய்தியை எப்படி அளப்பது என்பது அவருடைய கேள்வி. அரிசியைக் கிலோவில் அளக்கிறோம், பாலை லிட்டரில் அளக்கிறோம். தகவலை எதில் அளப்பது?

அவர் கண்ட வழி இது. ஒரு விஷயம் நடக்கும் என்பது எவ்வளவு உறுதியோ, அது நடந்துவிட்டது என்ற செய்தியில் தகவல் அவ்வளவு குறைவு. “இன்று சூரியன் கிழக்கே உதித்தது” என்றால் அதில் தகவல் சுழியம். “காரைக்காலில் நவம்பரில் மழை பெய்தது” என்றால் கொஞ்சம் தகவல். “ஏப்ரலில் வெள்ளம் வந்தது” என்றால் ஊரே காதைத் தீட்டிக்கொள்ளும். எதிர்பாராதது எதுவோ, அதில்தான் தகவல் அதிகம்.

அளக்கும் அலகுக்கு ‘பிட்’ என்று பெயர். ‘ஆமாம், இல்லை’ என்று விடை வரும் ஒரு கேள்வியின் பதில், இரண்டுக்கும் சம வாய்ப்பு இருந்தால், ஒரு பிட்.

நம் வகுப்பில் 32 பேர். இன்று ஒரே ஒருவர் வரவில்லை. யார் என்று கண்டுபிடிக்க எத்தனை கேள்விகள் வேண்டும்? ‘முதல் 16 பெயர்களுக்குள் இருக்கிறாரா?’ என்று கேட்டால் பாதி கழிந்துவிடும். அடுத்த கேள்விக்கு 8 பேர் மிஞ்சுவார்கள். பிறகு 4, பிறகு 2, கடைசியில் 1. ஐந்தே கேள்விகள்! ஆகவே ஏதாவது ஒரு பெயரைக் கூப்பிட்டு அதற்குப் பதில் வராமல் போனால், அந்த மௌனத்தின் எடை 5 பிட். பதிலாக “உள்ளேன் ஐயா” என்று குரல் வந்திருந்தால்? ஷானனின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், ஒரு பிட்டில் இருபதில் ஒரு பங்குகூட வராது. குரலைவிட மௌனத்தில் நூறு மடங்குக்கும் மேல் தகவல்! பென்சில் சீவிய பெண் சட்டென்று நிமிர்ந்தது இதனால்தான். கணக்குப் போடாமலே அவளுடைய மூளைக்கு இது தெரியும்.

எல்லாம் நல்ல செய்தி

இப்போது ஒரு நாட்டைக் கற்பனை செய்து பாருங்கள். அங்கே செய்தித்தாளில் எது வரலாம், எது வரக்கூடாது என்று அரசாங்கமே சொல்கிறது. அதற்குத் தணிக்கை என்று பெயர். தினமும் தலைவரைப் பற்றிப் பாராட்டு. நேற்றும் பாராட்டு, இன்றும் பாராட்டு. பக்கம் என்னவோ நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் பிரிப்பதற்கு முன்பே உள்ளே என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஷானனின் தராசில் வைத்தால் அந்தச் செய்தித்தாளின் எடை கிட்டத்தட்டச் சுழியம்.

நம் நாட்டில் அப்படி ஒரு காலம் இருந்தது. 1975 ஜூன் 25 இரவு, இந்திரா காந்தி பிரதமராக இருந்தபோது நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1977 மார்ச் 21 வரை, ஏறக்குறைய 21 மாதங்கள் அது நீடித்தது. ‘மிசா’ என்ற சட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் விசாரணையே இல்லாமல் சிறையில் அடைக்கப்பட்டார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 1974 மார்ச் முதலே சட்டமன்றம் இல்லை. குடியரசுத் தலைவர் ஆட்சி. நெருக்கடி நிலை முழுவதும் காரைக்கால் மக்களின் குறையை எடுத்துப் பேச அங்கே ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது.

எழுத முடியாத காலத்தில் பத்திரிகைக்காரர்கள் என்ன செய்தார்கள்? 1975 ஜூன் 28 அன்று ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழ், தலையங்கம் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டது. வெள்ளைத் தாள், அவ்வளவுதான். படித்தவர்கள் புரிந்துகொண்டார்கள். அதே நாட்களில் மும்பையின் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் ஒரு மரண அறிவிப்பு விளம்பரம் வந்தது. இறந்தவரின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் ஆங்கிலத்தில் ‘ஜனநாயகம்’. அவருடைய மனைவியின் பெயர் ‘உண்மை’, பிள்ளையின் பெயர் ‘விடுதலை’. சாதாரண சாவுச் செய்தி மாதிரிதான் பக்கத்தின் மூலையில் அது இருந்தது.

திருவாரூரில் பிறந்த தாள்

தமிழில் நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய வியப்பு. காரைக்காலில் ரயிலேறி நாகூர், நாகப்பட்டினம் தாண்டினால் திருவாரூர். அந்த ஊரில் 1942 ஆகஸ்ட் 10 அன்று, 18 வயது மு. கருணாநிதி ஒரு துண்டறிக்கை வெளியிட்டார். அதன் பெயர் ‘முரசொலி’. பிற்பாடு அது நாளிதழாக வளர்ந்தது. அவர் தமிழ்நாட்டின் முதலமைச்சர் ஆனார்.

நெருக்கடி நிலையை அவருடைய கட்சியான திமுக எதிர்த்தது. 1976 ஜனவரி 31 அன்று அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டது. கட்சிக்காரர்கள் தமிழகம் முழுவதும் கைதானார்கள். யார் யார் கைதானார்கள் என்று பத்திரிகையில் போட அனுமதி இல்லை. அப்பா வீட்டுக்கு வரவில்லை, அண்ணன் வரவில்லை. எங்கே போனார்கள் என்று எந்தத் தாளிலும் இல்லை.

மூன்று நாள் கழித்து பிப்ரவரி 3. திமுகவைத் தோற்றுவித்த அறிஞர் அண்ணா 1969இல் மறைந்த நாள் அது. ஒவ்வோர் ஆண்டும் அன்று திமுகவினர் சென்னைக் கடற்கரையில் இருக்கும் அண்ணா நினைவிடத்துக்குப் போய் மலர் வைப்பார்கள். அந்த நாளையொட்டி முரசொலியில் ஒரு பட்டியல் வந்தது. அண்ணா நினைவிடத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் இவர்கள் என்று மாவட்டவாரியாகப் பெயர்கள்.

கைது என்ற சொல் இல்லை. சிறை என்ற சொல் இல்லை. அரசாங்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. வர முடியாதவர்களின் பெயர்கள் மட்டும்தான். தணிக்கை செய்பவருக்கு அதில் வெட்டுவதற்கு எதுவும் அகப்படவில்லை. ஆனால் படித்த ஒவ்வொருவருக்கும் புரிந்தது. உயிரே போனாலும் அண்ணா நினைவிடத்துக்குப் போகாமல் இருக்கமாட்டார்களே இவர்கள்! வரவில்லை என்றால், வரவிடாமல் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

இது எப்படி வேலை செய்தது? ஒரு மறைமொழி செல்லுபடியாக வேண்டுமானால் அனுப்புபவர், பெறுபவர் இருவரிடமும் ஒரே திறவுகோல் இருக்க வேண்டும். மாலுமிக்குக் கையேடு மாதிரி. இங்கே திறவுகோல், இந்த மனிதர்களுக்கு அண்ணாமேல் இருந்த பற்று. அதைத் தனியாக அச்சிட்டுக் கொடுக்கத் தேவையில்லை. லட்சக்கணக்கான மனங்களில் அது முன்பே இருந்தது. தணிக்கை அதிகாரியால் தாளைத்தான் திருத்த முடியும். மக்களுக்கு முன்பே தெரிந்திருப்பதை அழிக்க எந்தச் சிவப்புப் பென்சிலாலும் முடியாது.

கை நீட்டாத மனிதர்

ஜெர்மனியிலும் இதே அறிவியல் வேலை செய்தது. 1933இல் அங்கே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: ஹிட்லரின் ஆட்சியும் நம் நெருக்கடி நிலையும் ஒன்றல்ல. இங்கே 21 மாதத்தில் தேர்தல் வந்தது, மக்கள் வாக்களித்து ஆட்சியை மாற்றினார்கள். ஹிட்லரின் ஆட்சியோ சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றது. எதிர்த்துப் பேசியவர்களுக்கு மரண தண்டனைகூட விதிக்கப்பட்டது.

அந்த நாட்டில் ஒருவரை ஒருவர் பார்த்தால் வலது கையை நீட்டி ஹிட்லரின் பெயரைச் சொல்லி வணங்க வேண்டும். எல்லாரும் கை நீட்டினார்கள். 1936இல் ஹாம்பர்க் நகரக் கப்பல் கட்டும் தளத்தில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. கூட்டம் முழுவதும் கை நீட்டி நிற்க, நடுவில் ஒரே ஒருவர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தப் படத்தை உங்களிடம் காட்டினால் உங்கள் கண் நேராக அவரிடம்தான் போய் நிற்கும். நீட்டிய கைகளில் தகவல் இல்லை. கட்டிய கைகளில் இருக்கிறது.

மாக்ஸ் ஃபொன் லாவே என்ற பெரிய இயற்பியல் அறிஞர் அங்கே இருந்தார். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது இரண்டு கையிலும் பொட்டலம் வைத்துக்கொள்வாராம். கை நிறைய சாமான் இருக்கும்போது எப்படி நீட்டுவது? அவரை அறிந்தவர்கள் சொல்லிச் சொல்லி நிலைத்த கதை இது. 1933இல் அறிவியலாளர் மாநாடு ஒன்றில் பேசும்போது, கலிலியோவை அதிகாரம் எப்படி அடக்கப் பார்த்தது என்று அவர் நினைவூட்டினார். அப்போதுதான் ஐன்ஸ்டைன் ஜெர்மனியைவிட்டு வெளியேற நேர்ந்திருந்தது. யாரை நினைத்துப் பேசுகிறார் என்று அரங்கத்துக்குப் புரிந்தது. திறவுகோல் எல்லாரிடமும் இருந்தது.

லாவே எதற்காக நோபல் பரிசு வாங்கினார் தெரியுமா? எக்ஸ் கதிரைப் படிகத்தின் வழியே செலுத்தினால், மறுபக்கம் இருக்கும் தகட்டில் புள்ளிகள் விழுகின்றன என்று 1912இல் காட்டியதற்காக. எங்கே புள்ளி விழுகிறது என்பதும் முக்கியம், விழ வேண்டிய இடத்தில் எங்கே விழவில்லை என்பதும் முக்கியம். இரண்டையும் வைத்துத்தான் படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று கண்டுபிடிக்கிறார்கள். அந்த வழியில் வந்த அறிவியலைக் கொண்டுதான் 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் நம் தோலுக்கு வலுக்கொடுக்கும் கொலாஜன், மூன்று புரி முறுக்கிய கயிறு போன்றது என்று கண்டார்கள்.

எதிர்பார்த்த மௌனம், எதிர்பாராத குரல்

இதையெல்லாம் பேத்தியிடம் சொல்லிக்கொண்டு வந்தபோது, இந்த இடத்தில் அவள் ஒரு கேள்வி கேட்டாள். என்னைத் திணறவைத்த கேள்வி.

“தாத்தா, ஜெர்மனியில கோடிக்கணக்கான பேரு ஒண்ணுமே பேசாம இருந்தாங்கன்னு எங்க பாடப் புத்தகத்துல இருக்கு. மௌனமும் செய்தின்னா, அவங்க எல்லாரும் எதிர்த்தாங்கன்னு அர்த்தமா?”

இல்லை. ஷானனின் தராசை மறுபடியும் எடுங்கள். பக்கத்து வீட்டு யூதக் குடும்பத்தை லாரியில் ஏற்றுகிறார்கள். தெருவே ஜன்னலைச் சாத்திக்கொள்கிறது. அந்த மௌனம் அதிகாரம் எதிர்பார்த்த மௌனம், கேட்டு வாங்கிய மௌனம். எதிர்பார்த்தது நடந்தால் தகவல் சுழியம். எல்லாரும் கத்தவேண்டிய இடத்தில் வாய் திறக்காமல் இருப்பவர் செய்தி சொல்கிறார். எல்லாரும் வாய் மூடவேண்டிய இடத்தில் பேசுபவர் செய்தி சொல்கிறார். இரண்டுக்கும் துணிச்சல் வேண்டும்.

இரண்டாவது வகைத் துணிச்சலுக்கு ம்யூனிக் நகர மாணவர்கள் சாட்சி. ஹான்ஸ் ஷோல், அலெக்சாண்டர் ஷ்மோரெல், கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்ட், வில்லி கிராஃப் ஆகிய நால்வரும் மருத்துவம் படித்தவர்கள். ஹான்ஸின் தங்கை சோஃபி ஷோல் உயிரியலும் தத்துவமும் படித்தாள். பேராசிரியர் குர்ட் ஹூபரும் அவர்களோடு சேர்ந்தார். ‘வெள்ளை ரோஜா’ என்ற பெயரில் இவர்கள் துண்டறிக்கை எழுதத் தொடங்கியது 1942 ஜூன் மாதத்தில். திருவாரூரில் முரசொலி துண்டறிக்கையாகப் பிறந்ததும் அதே ஆண்டின் ஆகஸ்டில்தான்! ஒருவரை ஒருவர் அறியாத இளைஞர்கள், உலகின் இரண்டு மூலைகளில், ஒரே ஆண்டில் ஒரே கருவியைக் கையிலெடுத்திருக்கிறார்கள்: ஒரு துண்டுத் தாள்.

முதல் நான்கு அறிக்கைகளில் ஒவ்வொன்றும் சுமார் 100 பிரதிகள். மெழுகுத் தாளில் தட்டச்சு செய்தால் எழுத்து பட்ட இடத்தில் மெழுகு விலகும். விலகிய இடத்தில் மட்டும் மை இறங்கும். கையால் சுற்றும் பிரதி இயந்திரத்தில் இப்படி ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஐந்தாவது அறிக்கை ஆயிரக்கணக்கில் போயிற்று. அதை ம்யூனிக்கிலிருந்து மட்டும் அஞ்சல் செய்யவில்லை. பெட்டியில் மறைத்து ரயிலில் கொண்டுபோய் வியன்னா, சால்ஸ்பர்க் போன்ற பல ஊர்களில் தபாலில் போட்டார்கள். ஒரு பெரிய கூட்டமே நாடு முழுவதும் இருக்கிறது என்று காவல் துறை நம்ப வேண்டும் என்பது கணக்கு.

1943 பிப்ரவரி 18 அன்று பல்கலைக்கழகத்தில் அறிக்கைகளை வைத்தபோது ஹான்ஸும் சோஃபியும் பிடிபட்டார்கள். நான்கே நாள். பிப்ரவரி 22 அன்று விசாரணை, அன்றே மரண தண்டனை. கிறிஸ்டோஃபும் உடன் கொல்லப்பட்டார். சோஃபிக்கு 21 வயது. மற்ற மூவரும் அதே ஆண்டு கொல்லப்பட்டார்கள்.

ஆனால் தகவலுக்கு ஒரு குணம் உண்டு. மீன் குழம்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால் நம் சட்டியில் குறையும். குழம்பு வைக்கும் பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்தால் குறையுமா? ஆறாவது அறிக்கையின் ஒரு பிரதி எப்படியோ நாட்டைக் கடந்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. 1943இல் அதை ஏராளமாக அச்சிட்டு விமானங்களிலிருந்து ஜெர்மனியின் மேல் தூவினார்கள். எழுதியவர்களைக் கொல்ல முடிந்தது. எழுதியதை ஒரே ஒரு பிரதி காப்பாற்றிவிட்டது.

நாகூரில் பிறந்த நீதிபதி

1976இல் தமிழகத்தில் கைதானவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். சென்னை மத்தியச் சிறையில் பலர் அடித்துத் துன்புறுத்தப்பட்டார்கள். சென்னை மேயராக இருந்த சிட்டிபாபு அங்கே காயம்பட்டு, 1977 ஜனவரியில் இறந்தார். நெருக்கடி நிலை முடிந்தபின், அந்தச் சிறையில் நடந்ததை விசாரிக்க ஓர் ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் நீதிபதி மு. மு. இஸ்மாயில். நமக்குப் பக்கத்து ஊரான நாகூரில் பிறந்தவர். கம்பராமாயணத்தில் பெரும் புலமை உள்ளவர். தாளில் வெறும் பெயராக வந்தவர்கள், அவர் முன்னால் குரலாகப் பேசினார்கள்.

செய்து பாருங்கள்

ஒரு டார்ச், ஒரு நோட்டு, இரண்டு பேர் போதும். இருவரும் எதிரெதிர் மாடியில் நில்லுங்கள். இரவு எட்டு மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டார்ச் ஒளி காட்டுவது என்று பேசிக்கொள்ளுங்கள். பத்து முறைகளில் ஏதாவது ஒருமுறை மட்டும் அனுப்புபவர் வேண்டுமென்றே காட்டக்கூடாது. எந்த முறை காட்டவில்லை என்பதுதான் செய்தி. முதல் முறை விட்டால் ‘நாளை கிரிக்கெட்’, இரண்டாவது விட்டால் ‘நாளை கடற்கரை’ என்று பத்துச் செய்திகள் வரை முன்பே எழுதி வைத்துக்கொள்ளலாம். பார்ப்பவர் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.

தெருவில் போகிறவருக்கு டார்ச் வெளிச்சம் தெரியும். ஆனால் செய்தி தெரியாது. அது வெளிச்சத்தில் இல்லையே! திறவுகோல் உங்கள் இருவரிடம் மட்டும்தான் இருக்கிறது.

பிறகு இன்னொன்றும் யோசியுங்கள். எதிர் மாடியில் இருப்பவர் தூங்கிப்போயிருந்தால்? டார்ச் பேட்டரி தீர்ந்திருந்தால்? மௌனத்தைப் பிழையாகப் படிக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் மறுநாள் நேரில் போய்க் கேட்க வேண்டும். பேத்தியும் நானும் இதைச் செய்து பார்த்தபோது நான்காவது ஒளி வரவில்லை. ‘தாத்தா, பசிக்குது’ என்று பொருள். இறங்கிப் போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே பசிதான்.

பள்ளி திறந்ததும் உங்கள் வகுப்பில் பெயர் வாசிக்கும்போது கவனியுங்கள். ஒரு பெயருக்குப் பதில் வரவில்லை என்றால் நிமிர்ந்து பாருங்கள். அன்று சாயங்காலம் அந்த வீட்டுப் பக்கம் போய், “ஏன் வரலை?” என்று கேளுங்கள். 1976 பிப்ரவரியில் முரசொலியைக் கையில் வைத்திருந்தவர்களும் ஒவ்வொரு பெயராகப் படித்து அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள்.